எண்ணிக்கைக்குப் பதினைந்து, ஸ்டேஜுக்குப் பதினொன்று

அரிசிம்பருப்பு சாதம் நெஞ்சுக்குள் இறங்காமல் நின்றபோது அப்புசாமி முதலில் சந்தேகப்பட்டது மனைவி ராசாத்தாளின் சமையலைத்தான். பருப்பு வேகவில்லை என்றார். அவள் மறுநாள் குழையக் குழைய வடித்துக் கொடுத்தாள், அதுவும் நின்றது. அப்புறம் களி நின்றது, இட்லி நின்றது, காப்பியில் ஊறவைத்த ரஸ்க்கும் நின்றது. மோர் மட்டும்தான் வம்பு செய்யாமல் போகிறது என்ற நிலை வந்த பிறகு, கோவை கணபதியில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கும் மகன் கவின் வந்து, அப்பாவைக் காரில் ஏற்றி, அன்னூரிலிருந்து நேராக நொய்யல் சிகரம் புற்றுநோய் நிலையத்துக்குக் கொண்டுபோனான்.

நூல் மில் முதலாளி கோவிந்தராஜுலு, மில் ஓடாமல் போனதும் அதே இடத்தில் கட்டிய ஆசுபத்திரி அது. மில்லில் அவர் பேர் வாங்கியது தரத்துக்கு. ஆசுபத்திரியிலும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தரத்தில் முதல் தரம் மரியாதை என்பது அவர் கொள்கை. அதற்கென்று ஒரு மரியாதைப் பிரிவே வைத்திருந்தார். எந்த ஊழியர் எந்த வாக்கியத்தில் 'ங்க' சேர்க்காமல் விட்டாலும் அந்தப் பிரிவு கண்டுபிடித்து அபராதம் போட்டுவிடும். பாலக்காட்டிலிருந்து வந்த நர்சுகள் எதற்கு வம்பு என்று ஊசிக்கும் மாத்திரைக்கும்கூட 'ங்க' போட்டார்கள்.

அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் ஸ்ரீனிவாஸும் அபராதத்துக்குப் பயந்தவர்தான். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து முடித்ததும் அப்புசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சோத்துக் கொழாயிலீங்க, ஒரு கட்டி உக்காந்திருக்காருங்க. கொஞ்சம் பெரியவருங்க. அவர எடுத்துப்போடோணுமுங்க."

யாரோ வேண்டப்பட்ட பெரிய மனுஷர் வந்திருக்கிறார் போல என்று அப்புசாமி எழுந்து நிற்கப் பார்த்தார். கவின்தான் தோளை அழுத்தி உட்கார வைத்தான்.

"கேன்சருங்களா டாக்டர்?"

"அந்த வார்த்தைய நாங்க இங்க சொல்றதில்லீங்க," என்றார் டாக்டர். அவருக்குப் பின்னால் சுவரில் அந்த வார்த்தை ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது.

அறுவை நல்லபடியாகவே நடந்தது. உணவுக்குழாயை எடுத்துவிட்டு இரைப்பையை மேலே இழுத்துத் தைத்தார்கள். கூடவே, குழாயைச் சுற்றியிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். ஊரில் நெறி என்பார்கள். காலில் முள் குத்திப் பழுத்தால் தொடையிடுக்கில் கட்டுமே, அந்த நெறிதான். நோய் கிளம்பிப் போகிற பாதையில் காவல் நிற்பது அது. காவல்காரர்களில் எத்தனை பேரை நோய் பிடித்துக்கொண்டது என்று எண்ணித்தான் இத்தனாவது ஸ்டேஜ் என்று சொல்வார்கள். அந்த ஸ்டேஜைப் பார்த்துத்தான் மேற்கொண்டு மருந்து உண்டா இல்லையா என்பது. ஆள் எவ்வளவு காலம் தாங்குவார் என்பதும் அதைப் பார்த்துத்தான்.

அப்புசாமிக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசி விஷயம் ஒன்றுதான். அவர் காலத்தைக் காலண்டரில் பார்க்கிறவரல்ல. தென்னை என்றால் வைத்துக் காய்க்க அஞ்சாறு வருஷம். மஞ்சள் என்றால் பத்து மாதம். சின்ன வெங்காயம் இரண்டரை மாதம். கீரை என்றால் விதைத்த மாதத்திலேயே பறித்துவிடலாம். கிணற்றை ஒட்டின தோட்டம் உழுதபடி சும்மா கிடந்தது. ஆயுசு கெட்டியென்றால் தென்னை வைக்கலாம். பின்னால் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆயுசு இல்லையென்றால் மஞ்சள்தான் சரி. தோண்டி, வேகவைத்து, ஈரோட்டுக்கு அனுப்பி, ராசாத்தாள் கையில் ஏதாவது கொடுத்துவிட்டுப் போகலாம். தென்னை வைத்துவிட்டுத் தான் போய்ச் சேர்ந்தால், காய்க்கிற வரைக்கும் அவள் வரும்படி இல்லாமல் ஒற்றையாக நின்று தண்ணீர் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். படுக்கையில் கிடந்தபடி அவர் யோசித்ததெல்லாம் இதைத்தான்.

நர்சிடம் கேட்டார். "நல்லதே நெனைங்க ஐயா," என்றாள். சின்ன டாக்டரிடம் கேட்டார். "பெரிய டாக்டர கேளுங்க," என்றார். பெரிய டாக்டரிடம் கேட்டார்.

"அதெல்லாம் நான் தனியாச் சொல்ல முடியாதுங்க. ஸ்டேஜை போர்டுதானுங்க முடிவு பண்ணும்."

போர்டு என்ற சொல் காதில் விழுந்ததும் கவினுக்கு உயிர் வந்தது. ஒரு டாக்டர் முடிவு செய்வதென்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. போர்டு என்றால் மெம்பர்கள் இருப்பார்கள். மெம்பர்கள் என்றால் மனுஷர்கள். மனுஷர்கள் என்றால், அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க எங்காவது ஒரு ஆள் இருக்கத்தான் வேண்டும். கரண்ட் கனெக்‌ஷனிலிருந்து காலேஜ் சீட்டு வரைக்கும் அந்தக் குடும்பத்தில் எதுவும் சொல்லி வைக்காமல் கிடைத்ததில்லை. ஸ்டேஜ் மட்டும் எப்படிச் சும்மா கிடைக்கும்?

அன்றைக்கே அவன் அன்னூருக்குப் போய் அழகிரிசாமியைப் பிடித்தான். அழகிரிசாமி பால் சொசைட்டியின் முன்னாள் தலைவர். பதவி போனாலும் சொல்லி வைக்கிற வழக்கம் போகவில்லை. விஷயத்தைக் கேட்டதும் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, கவின் முன்னாலேயே கோவிந்தராஜுலுவுக்குப் போன் போட்டார்.

"மொதலாளிங்களா? அழகிரி பேசறனுங்க. நம்ம அப்புசாமி உங்ககிட்டத்தா படுத்திருக்காரு. ஆமாங்க, தொண்டைக்குக் கீழதா. ஸ்டேஜு இன்னும் போடலியாமா. மூணு நாலுன்னு போட்டுபோடாதீங்க. ஒண்ணே குடுங்கன்னு நாங் கேக்கல, அது அடாவடி. ரெண்டுக்குள்ள முடிச்சுக் குடுத்தாப் போதுமுங்க. நல்ல மனுசன், குடும்பம் மரியாதையான குடும்பம்."

போனை வைத்துவிட்டு, "சொல்லியாச்சு கண்ணு, நீ ஊட்டுக்குப் போ," என்றார். கவினுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற அப்பனுக்கு ஒரு மகன் இதைவிட என்ன செய்துவிட முடியும்? அவன் வைத்திருந்த பாசத்தில் ஒரு துளி பொய் கிடையாது. ஆசுபத்திரி பின்னால் செய்த கெடுதலில் பாதியை அந்தப் பாசம்தான் செய்தது.

போர்டு வியாழக்கிழமை கூடியது. நோயாளியையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் ஆசுபத்திரி என்று பேர் வாங்குவதற்காக, எந்த நோயாளியைப் பற்றிப் பேசுகிறார்களோ அவரை ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பது சிகரத்தின் வழக்கம். அவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகக் கூட்டம் தமிழிலேயே நடக்கும். அவர் பேசக் கூடாது. சந்தேகம் இருந்தால் தூக்கிக் காட்டுவதற்கு ஒரு சிவப்பு அட்டை கொடுப்பார்கள்; ஆனால் அதைத் தூக்குவது கூட்டம் முடிந்த பிறகு. அப்புசாமி மூக்கில் குழாயோடு, மடியில் சிவப்பு அட்டையோடு, பட்டுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். கவின்தான் போட்டுவிட்டிருந்தான்.

மேசையைச் சுற்றி நாலு பேர். நடுவில் முதலாளி கோவிந்தராஜுலு. அவருக்கு இந்தப் பக்கம் டாக்டர் ஸ்ரீனிவாஸ். அந்தப் பக்கம், வெட்டியெடுத்ததையெல்லாம் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்க்கிற பரிசோதனைக்கூட டாக்டர் ஹாரிகா. எதிரே தர அதிகாரி பவன். பவன் டாக்டரல்ல, எம்.பி.ஏ. படித்தவர். அதனால் மற்ற எல்லோருக்கும் அவரைக் கண்டால் பயம்.

"நான் நல்லா வழிச்சு முப்பது நெறிக்கு மேல எடுத்துக் குடுத்தனுங்க," என்று ஆரம்பித்தார் ஸ்ரீனிவாஸ்.

"டப்பாவுல முக்காவாசி கொழுப்புத்தானுங்க சார் இருந்துச்சு," என்றார் ஹாரிகா. "நெறின்னு பாத்தா பதினொண்ணுதானுங்க. பதினொண்ணும் சுத்தமுங்க."

"பதினொண்ணுங்களா?" பவன் பதறிப்போனார். "பதினஞ்சுக்குக் கொறஞ்சா தரச் சான்றிதழ் போயிருமுங்களே."

குறைந்தது பதினைந்து நெறியாவது பார்க்க வேண்டும் என்று வைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கொஞ்சமாகப் பார்த்தால் நோய் பிடித்தது கண்ணில் படாமல் போய்விடும். இந்தக் காரணம் சிகரத்துக்கு வந்து சேரும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. பதினைந்து மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது.

"அதுக்குத்தானுங்க மறுபடியும் தேடச் சொன்னேன்," என்றார் பவன்.

"தேடுனங்க. கொழுப்புக்குள்ள இன்னும் நாலு கெடைச்சுதுங்க. மொத்தம் பதினஞ்சு."

முதலாளி கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். மூலையில் அப்புசாமியும் தட்டினார்.

"அந்த நாலுல மூணுல நோய் இருக்குதுங்க," என்றார் ஹாரிகா.

கைதட்டல் பாதியில் நின்றது. ஸ்ரீனிவாஸின் முகம் சிவந்துவிட்டது.

"நாலு நெறி தேடச் சொன்னா நாலு நெறி தேடோணுமுங்க டாக்டர். அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு உங்கள யாருங்க பாக்கச் சொன்னது?"

"பாக்கறதுதானுங்க சார் என்னோட வேலை."

"வேலை செய்யறதுலயும் ஒரு இங்கிதம் வேணுமில்லீங்களா அம்மணி," என்றார் முதலாளி வருத்தத்தோடு. "பதினொண்ணோட நின்னிருந்தா இவருக்கு ரெண்டாவது ஸ்டேஜுங்க. இப்ப மூணாயிருச்சு. நான் அழகிரிசாமிக்கு வாக்குக் குடுத்துட்டனுங்க. பருத்தி வராம மில்லு நின்னப்ப லாரி புடிச்சுக் குடுத்த மனுசன். அவரு மூஞ்சில நான் எப்படீங்க முழிக்கறது?"

"சார், ரெண்டுல போட்டா என்னோட கணக்கு கெட்டுருமுங்க." பவன் எழுந்து நின்றே விட்டார். "வருசா வருசம் ஒவ்வொரு ஸ்டேஜுலயும் சராசரியா எத்தன நாள் உசுரோட இருக்காங்கன்னு நாம வெளியிடறமுங்க. இவரு ரெண்டுல உக்காந்தாருன்னா, அங்க இருக்கறவங்கள்லயே சீக்கிரம் போறவரு இவருதானுங்க. ரெண்டோட சராசரி எறங்கிருமுங்க. இதே ஆள மூணுக்குத் தள்ளிட்டோம்னு வைங்க, அங்க இருக்கறவங்களுக்கு இவரு எவ்வளவோ தேவலைங்க. மூணோட சராசரி ஏறுமுங்க. இவரு போயிட்டதால ரெண்டோடதும் ஏறுமுங்க. ஒரே ஆளு, எடம் மாத்தி உக்கார வெச்சா ரெண்டு பக்கமும் ஆயுசு கூடுதுங்க."

"யாருக்குங்க ஆயுசு கூடுது?" என்று கேட்டார் முதலாளி.

"சராசரிக்குங்க." பவன் மூலைப் பக்கம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க ஐயா."

"பரவால்லீங்க," என்றார் அப்புசாமி.

பேசக் கூடாத இடத்தில் பேசிவிட்டார் என்று குறித்துக்கொண்டார்கள்.

முதலாளி கண்ணை மூடி யோசித்தார். மில் காலத்திலிருந்து எத்தனையோ தகராறுகளைத் தீர்த்து வைத்தவர். கண்ணைத் திறந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"இதுல என்னங்க இருக்குது? அவரவர் கேக்கறத அவரவருக்குக் குடுத்துருவோம். சான்றிதழ்க்காரங்க எண்ணிக்கை கேக்கறாங்க, பதினஞ்சு குடுங்க. அழகிரிசாமி ரெண்டாவது ஸ்டேஜு கேக்கறாரு, மொதல்ல கெடைச்ச பதினொண்ண மட்டும் வெச்சு ரெண்டுன்னு எழுதி அவிய கையில குடுங்க. எண்ணிக்கைக்குப் பதினஞ்சு, ஸ்டேஜுக்குப் பதினொண்ணு. பவனு அவரோட வருசக் கணக்குல மூணுன்னு வெச்சுக்கட்டும். ஆருக்கும் மனத்தாங்கல் வேண்டாமுங்க."

எல்லோரும் மலர்ந்து போனார்கள். ஹாரிகா மட்டும் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

"மருந்துங்க சார்? மூணுன்னா மருந்து ஏத்தோணுமுங்க. ரெண்டுன்னா வேண்டியதில்லீங்க. எதப் பாத்துங்க ஏத்தறது?"

"கையில இருக்கற பேப்பரப் பாத்துத்தானுங்க. ரெண்டுன்னு எழுதிக் குடுத்துட்டு மருந்தும் ஏத்துனா, மூணத்தான் ரெண்டுன்னு ஏமாத்திட்டாங்கன்னு நெனைக்கமாட்டாங்களா? மரியாதையா இருக்காதுங்களே."

ஹாரிகா சற்று யோசித்துவிட்டு, வைத்தியம் தன்னுடைய பிரிவு அல்ல என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நல்ல பெண். அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தூக்கம் வராமலும் இருந்திருக்கலாம். அதனால் அப்புசாமிக்கு ஆகப் போவது ஒன்றுமில்லை.

அப்புசாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மூன்று நெறியில் நோய் இருக்கிறது என்பதும் காதில் விழுந்தது. ஆனால் போர்டு கூடித் தள்ளிவைத்த விஷயம் எதுவும் பிறகு தலையெடுத்து அவர் பார்த்ததில்லை. அழகிரிசாமி தலைவராக இருந்த காலத்தில் சொசைட்டியில் எத்தனையோ தண்ணிப் பால் தீர்மானத்தில் கெட்டிப் பாலாகியிருக்கிறது. சுண்டைக்காய் அளவு நெறி எந்த மூலைக்கு? கூட்டம் முடிந்தது என்று அறிவித்ததும் சிவப்பு அட்டையைத் தூக்கினார்.

"கெணத்தடித் தோட்டமுங்க. தென்னை வெக்கட்டுமுங்களா, மஞ்சள் வெக்கட்டுமுங்களா?"

ஸ்ரீனிவாஸ் கைபேசியை எடுத்துப் பார்த்தார். முதலாளிதான் வாய்விட்டுச் சிரித்து, எழுந்து வந்து தோளைத் தட்டினார்.

"உங்களுக்கு ரெண்டாவது ஸ்டேஜுங்க! தென்னையே வைங்க. மொத எளநி எனக்குத்தானுங்க."

வீட்டுக்கு வந்ததும் கவின் ஊருக்கு ஜிலேபி கொடுத்தான். சும்மாவா, ரெண்டாவது ஸ்டேஜ். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். "எங்க மச்சானுக்கு மூணுதானுங்க கெடைச்சுது. சொல்றதுக்கு ஆளில்லாமப் போச்சு." அழகிரிசாமிக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார்கள். கிணற்றடித் தோட்டத்தில் குழி போட்டு, எருவும் வேப்பம் புண்ணாக்கும் போட்டு, தென்னங்கன்று வைத்து, சொட்டுநீர்க் குழாயும் இழுத்தார்கள். முதல் கன்றை ராசாத்தாள் கையால் வைக்கச் சொன்னார் அப்புசாமி.

"அஞ்சாறு வருசமாகுமுங்களே," என்றாள் அவள், மண்ணை அணைத்துக்கொண்டே.

"ஆகட்டுமே. போர்டே சொல்லிருக்குது."

கொஞ்ச காலம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. குழைந்த சோறு இறங்கியது. கன்றுகள் குருத்து விட்டன. அப்புறம் சோறு மறுபடியும் நிற்க ஆரம்பித்தது. குரல் கம்மிப்போய், பேசினால் காற்று மட்டும் வந்தது. தண்ணீர் குடித்தால் இருமல் பிடித்துக்கொண்டு விடாது. ஒரு நாள் காலையில் சட்டை போடும்போது இடது கழுத்து எலும்புக்கு மேலே கையில் என்னவோ தட்டுப்பட்டது. வலிக்கவில்லை. கொட்டைப்பாக்கு அளவு, கல்லாக இருந்தது.

"நெறி கட்டிருக்குதுங்களா?" என்று தொட்டுப் பார்த்தாள் ராசாத்தாள். கையை உடனே எடுத்துக்கொண்டாள்.

இருவரும் பஸ் ஏறி ஆசுபத்திரிக்குப் போனார்கள். ரெண்டாவது ஸ்டேஜ் என்று கையில் பேப்பர் இருந்ததால் வெற்றியாளர் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் கிடையாது. ஜெயித்தவருக்கு எதற்கு ஸ்கேன்? சிரிப்பு யோகா உண்டு, இதய வடிவ பலூன் பின்னால் நின்று போட்டோ உண்டு. அப்புசாமி கழுத்தைக் காட்டினார். பிரிவுப் பெண் பார்க்காமலே கைகூப்பினாள்.

"நெறி எல்லாம் நாங்க பாக்கறதில்லீங்க ஐயா. அது மூணாவது ஸ்டேஜு கவுண்டருங்க."

மூணாவது ஸ்டேஜ் கவுண்டரில் இருந்தவன் கையில் இருந்த பேப்பரைப் பார்த்துவிட்டு இடமில்லை என்றான். அப்புறம் கம்ப்யூட்டரில் பேரைப் போட்டுப் பார்த்து ஆச்சரியப்பட்டான்.

"அட, நீங்க இங்கயும் இருக்கீங்களே! ஆனா மருந்து வேண்டாம்னு நீங்களே மறுத்துட்டீங்கன்னு போட்டிருக்குதுங்க."

"நாங்க எப்பங்க மறுத்தோம்?" என்றாள் ராசாத்தாள்.

"மூணாவது ஸ்டேஜு, மருந்து ஏத்தல. அப்ப யாரோ மறுத்திருக்கோணுமில்லீங்களா அம்மா? ஆசுபத்திரி மறுக்காதுங்க."

அவள் குரலை உயர்த்தப் பார்த்தாள். வரவில்லை, அப்படி ஒரு பழக்கம் அவளுக்கு இல்லை. இருவரும் பலூன்களைத் தாண்டி வெளியே வந்தார்கள்.

ஸ்ரீனிவாஸை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று இருந்தபோதுதான் பவனே போன் செய்தார். சிகரத்தின் ஆண்டு விழா. ஸ்டேஜுக்கு ஒருவராக நாலு பேரை மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். ரெண்டாவது ஸ்டேஜுக்கு அப்புசாமிதான். கவினுக்குத் தலைகால் புரியவில்லை. "மேடையிலயே டாக்டர் பக்கத்துல உக்காந்திருப்பாருப்பா, அங்கயே காட்டிரலாம்," என்றான். அதுவும் ஒரு வழிதான் என்று கிளம்பினார்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் ஒன்று முதல் நாலு வரை எண் போட்ட நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டாக்டருக்கு ஒரு நாற்காலி. மூன்றாவது நாற்காலிக்கு வரவேண்டியவர் முந்தின வாரம் காலமாகிவிட்டார். அழைப்பிதழ் அடித்த பிறகு இப்படிச் செய்துவிட்டாரே என்று பவனுக்கு ஆத்திரம்.

"ஐயா, நீங்கதானுங்க கை குடுக்கோணும்," என்றார் அப்புசாமியிடம். "எங்க கணக்குல நீங்க மூணுலயும் இருக்கீங்க. தமிழ்த்தாய் வாழ்த்து முடியற வரைக்கும் ரெண்டுல நில்லுங்க. முடிஞ்சதும் மூணுக்கு நகந்துக்கோங்க."

"இங்க ஒரு நெறி..." என்று காற்றாகச் சொன்னார் அப்புசாமி.

"விழா முடியட்டுமுங்க."

வாழ்த்து முடிந்து அவர் மூன்றுக்கு நகர்ந்தார். டாக்டர் ஸ்ரீனிவாஸின் நாற்காலி அடுத்தது. அவர் பக்கம் சாய்ந்து கழுத்தைக் காட்டப் போகும்போது முதலாளி பொன்னாடையோடு வந்துவிட்டார். ஜரிகை போட்ட கனமான ஆடை. சரியாக அந்த இடத்தை மூடிக்கொண்டு விழுந்தது. போட்டோ எடுத்தார்கள். முன்வரிசையில் ராசாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கவினும் கைபேசியில் எடுத்தான்.

முதலாளி ஒலிபெருக்கி முன்னால் நின்றார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! போன வருசத்தவிட இந்த வருசம் நம்ம ஆசுபத்திரியில ஒவ்வொரு ஸ்டேஜுலயும் ஆயுசு ஏறியிருக்குதுங்க. புதுசா என்ன மருந்து கண்டுபுடிச்சீங்கன்னு டெல்லிக்காரங்க கேக்கறாங்க. ஒரு மருந்தும் இல்லீங்க! நாங்க எண்ணுனோம். நல்லா எண்ணுனோம். எண்ணி, யார எங்க உக்கார வெக்கோணுமோ அங்க உக்கார வெச்சோம். மத்த ஆசுபத்திரியில நோயாளியக் காப்பாத்தப் பாப்பாங்க. அது எல்லாருக்கும் முடியறதில்லீங்க. நாங்க ஸ்டேஜைக் காப்பாத்திப்போட்டமுங்க. அதுக்கு உயிருள்ள சாட்சி, இதோ, நம்ம அப்புசாமி அண்ணன்! ரெண்டு வார்த்தை பேசுவாருங்க."

ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்கள். நன்றி என்று மட்டும் சொல்லச் சொல்லியிருந்தார் பவன். அப்புசாமி கூட்டத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தார். பொன்னாடையை விலக்கினார்.

"டாக்டருங்க. இங்க நெறி கட்டிருக்குதுங்க."

காற்றுக் குரல்தான், ஒலிபெருக்கி அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. ஸ்ரீனிவாஸ் கையை நீட்டித் தொட்டார். தொட்ட விரல் ஒரு கட்டியில் நிற்காமல் பக்கத்திலிருந்த இன்னொன்றுக்குப் போனது, அதன் கீழே இருந்ததற்குப் போனது. யாரும் தேடச் சொல்லாமல், இந்தத் தடவை அவரே ஒவ்வொன்றாக எண்ணினார்.

"தண்ணி குடிச்சா இருமல் வருதுங்களா?"

"வருதுங்க."

"தென்னை வெச்சுட்டீங்களா?"

"வெச்சாச்சுங்க. குருத்து உட்டிருக்குதுங்க."

ஸ்ரீனிவாஸ் கையை எடுத்துக் கைக்குட்டையில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நடுவால எதாச்சும் ஊடுபயிர் போடுங்க."

"மஞ்சளுங்களா?"

டாக்டர் இல்லையென்று தலையசைத்தார்.

"வெங்காயமுங்களா?"

டாக்டர் மேடைத் தரையைப் பார்த்தார். 

"கீரை," என்றார்.

அந்த ஆசுபத்திரி அப்புசாமிக்குச் சொன்ன முதல் உண்மை அதுதான். 'ங்க' சேர்க்க மறந்துவிட்டார் டாக்டர். மேடையோரம் நின்றிருந்த மரியாதைப் பிரிவுப் பெண் அபராதத்துக்குக் குறித்துக்கொண்டாள்.

அப்புசாமி தலையை ஆட்டினார். "சரிங்க," என்றார். ஒலிபெருக்கியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கேட்டீங்களா? கீரை! எப்பேர்ப்பட்ட அறிவுரை!" முதலாளி பாய்ந்து வந்து ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டார். "அடுத்த வருசம் நம்ம ஆசுபத்திரியோட கொள்கையே கீரைதானுங்க! எல்லாரும் ஜோராக் கை தட்டுங்க!"

மண்டபம் அதிரக் கை தட்டியது. கவின் எழுந்து நின்று தட்டினான். அவனுக்குப் பம்ப் தெரியும், மோட்டார் தெரியும். கீரை எத்தனை நாள் பயிர் என்று தெரியாது. ராசாத்தாளுக்குத் தெரியும். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு மேடையில் இருந்த மனுஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க," என்று குனிந்து அவள் முழங்கையை இடித்தான் கவின். "நீயும் கை தட்டும்மா."

ராசாத்தாள் தட்டினாள்.